சென்னையில் அச்சான பறவைப் படநூலும் ஜெர்டனும்

முன்னுரை

தென்னிந்தியப் பறவைகளைப் பற்றிய பழைய வண்ணப் படநூல்களில் ஒன்று சென்னையில் அச்சிடப்பட்டது. ‘இல்லஸ்ட்ரேஷன்ஸ் ஆஃப் இந்தியன் ஆர்னிதாலஜி’ என்பது அதன் பெயர். ‘இந்தியப் பறவையியல் படவிளக்கம்’ என்று தமிழில் சொல்லலாம். 1843 முதல் 1847 வரை நான்கு பகுதிகளாக வெளிவந்த இந்நூல் ஐம்பது வண்ணப் படங்களைக் கொண்டது. அதுவரை படமாக வராத பறவைகளையும், புதிதாகக் கண்டறியப்பட்ட பறவைகளையும், குறிப்பாகத் தென்னிந்தியப் பறவைகளையும் காட்டுவதே அதன் நோக்கம். இதன் ஆசிரியர் தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பணிபுரிந்த மருத்துவர்.

நூலின் முகப்பில் ஜெர்டனின் பெயர் மட்டுமே ஆசிரியர் பெயராக நிற்கிறது. ஆனால் பறவைகளைக் காட்டிக் கொடுத்தவர்கள், அவற்றை வரைந்தவர்கள், கல்லச்சில் ஏற்றியவர்கள், ஒவ்வொரு தாளிலும் தூரிகையால் வண்ணம் தீட்டியவர்கள் எனப் பலரின் உழைப்பு அதற்குள் இருக்கிறது. அந்த உழைப்போடு சேர்த்துப் படித்தால்தான் இந்நூலின் முழு வரலாறும் விளங்கும்.

மருத்துவராக வந்த இயற்கையியலாளர்

ஜெர்டன் 1811ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் பிறந்தார். அவருடைய குடும்பம் ஸ்காட்லாந்தைச் சேர்ந்தது. தந்தைக்கு இயற்கை வரலாற்றில் ஈடுபாடு இருந்தது. அது மகனுக்கும் வந்தது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ராபர்ட் ஜேம்சனின் இயற்கை வரலாற்று வகுப்புகளில் பயின்ற ஜெர்டன், பின்னர் மருத்துவம் கற்று, 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனியில் உதவி அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். 1836ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியா வந்து சேர்ந்தார்.

முதலில் கஞ்சம் மாவட்டத்தில் காய்ச்சலாலும் சீதபேதியாலும் வாடிய படைவீரர்களுக்கு மருத்துவம் பார்த்தார். அங்கிருந்தபோதே கிழக்குத் தொடர்ச்சி மலைப் பறவைகளைக் கவனிக்கத் தொடங்கினார். பிறகு குதிரைப்படைப் பிரிவு ஒன்றுக்கு மாற்றப்பட்டுத் திருச்சிராப்பள்ளிக்கும், அங்கிருந்து தக்காணத்தின் ஜால்னாவுக்கும் சென்றார். 1841இல் திருமணம் செய்துகொண்டார். மனைவியின் உறவினர் வழியாக உதகமண்டலத்தோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. நீலகிரியின் சோலைக்காட்டுப் பறவைகளை அறிய அது வழி திறந்தது. பின்னாளில் நெல்லூரிலும் தலச்சேரியிலும் அரசு மருத்துவராக இருந்தார்.

இந்த இடமாற்றங்களைக் கம்பெனி அவருடைய பறவை ஆர்வத்துக்காகச் செய்யவில்லை. ஆனால் கிழக்குக் கடற்கரை, தக்காணப் பீடபூமி, நீலகிரி, மலபார் என்று வெவ்வேறு நிலப்பகுதிகளை ஒருவரே நேரில் பார்க்கும் வாய்ப்பை அவை தந்தன. ஓரிடத்தில் காணும் பறவை மற்றோரிடத்தில் இல்லாததையும், ஒரே பறவை இடத்துக்கு இடம் சற்று மாறுவதையும் அவரால் ஒப்பிட முடிந்தது.

பூச்சி அரித்த தோல்கள்

அக்காலத்தில் ஒரு பறவையை அறிவியல் முறைப்படி அடையாளம் காண்பதற்கு அதைச் சுட்டு, தோலை உரித்து, ஆர்சனிக் கலந்த சோப்பினால் பதப்படுத்தி, பஞ்சு திணித்து ஐரோப்பாவுக்கு அனுப்புவது வழக்கம். அங்குள்ள அறிஞர் தம்மிடமுள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்வார். ஜெர்டனும் தாம் சேகரித்த பறவைத் தோல்களை ஸ்காட்லாந்தில் இருந்த வில்லியம் ஜார்டின் என்ற பறவையியலாளருக்கு அனுப்பினார். அவை போய்ச் சேர்ந்தபோது பூச்சி அரித்துப் பயனற்றுப் போயிருந்தன.

சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு சரக்குக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றியே செல்ல வேண்டும். மாதக்கணக்கில் ஈரத்திலும் வெப்பத்திலும் கிடக்கும் தோல்கள் கெடுவது வியப்பன்று. சென்னையிலும் அப்போது பொது அருங்காட்சியகம் இல்லை. எழும்பூர் அருங்காட்சியகம் தோன்றியது 1851ஆம் ஆண்டில்தான். ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க மாதிரிகளும் இல்லை, கேட்டறிய அறிஞரும் அருகில் இல்லை என்ற நிலையில் ஜெர்டன் இருந்தார்.

அவர் இரண்டு வழிகளை மேற்கொண்டார். ஒன்று, தம் கண்ணையும் குறிப்பேட்டையும் நம்பித் தாமே பறவைகளை இனம்பிரித்து எழுதுவது. மற்றொன்று, பறவைகளை உள்ளூர் ஓவியரைக் கொண்டு வரையச் செய்வது. தோல் நன்றாகப் பதப்பட்டாலும் அலகு, கால், கண் ஆகியவற்றின் உயிர்நிறம் சில நாட்களில் மங்கிவிடும். புதிதாகக் கிடைத்த பறவையை உடனே வரைந்த படம் அந்த நிறங்களைக் காக்கும். படம் அவருக்கு அலங்காரமாக அல்ல, சான்றாகவே தேவைப்பட்டது.

சென்னை இதழில் வந்த பறவைப் பட்டியல்

முதல் வழியின் விளைவு 1839-40இல் வெளிவந்த ‘இந்தியத் தீபகற்பப் பறவைகளின் பட்டியல்’. சென்னை இலக்கியச் சங்கத்தின் சார்பில் நடந்த ‘மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ்’ என்ற இதழில் அது தொடராக வந்தது. ஏறத்தாழ 420 பறவை இனங்கள் அதில் இடம்பெற்றன. அதற்குமுன் தக்காணப் பறவைகளைப் பற்றிக் கர்னல் சைக்ஸ் வெளியிட்டிருந்த பட்டியலைப் போல் இது ஏறக்குறைய இருமடங்கு.

இன்று நாம் அறிந்த பல மலைப் பறவைகள் முதன்முதலில் அறிவியல் பெயர் பெற்றது இந்த எழுத்துகளில்தான். நீலகிரிச் சிரிப்பான், கருப்பும் செம்மஞ்சளுமான ஈப்பிடிப்பான், சாம்பல்தலைச் சின்னான் ஆகியவற்றின் அறிவியல் பெயர்களுக்குப் பின்னால் ‘ஜெர்டன், 1839’ என்று காணலாம். நீலகிரி ஈப்பிடிப்பானுக்குப் பின்னால் ‘ஜெர்டன், 1840’ என்றிருக்கும். ஒரு பறவையின் அறிவியல் பெயருக்குப் பின் வரும் ஆளின் பெயரும் ஆண்டும், அதை முதலில் விவரித்தவரையும் வெளியிட்ட காலத்தையும் குறிக்கும் என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆனால் சொற்களால் மட்டும் ஒரு புதுப் பறவையைப் பிறருக்கு உணர்த்துவது கடினம். ‘சாம்பல் கலந்த பச்சை’ என்று எழுதினால் படிப்பவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நிறத்தை நினைப்பர். இந்தக் குறையை நீக்கவே படநூல் வந்தது.

கல்லச்சும் கைவண்ணமும்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் அலோய்ஸ் செனபெல்டர் கண்டுபிடித்த கல்லச்சு முறை, படநூல்களின் செலவைக் குறைத்தது. செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்க வேண்டியதில்லை. வழவழப்பான சுண்ணக்கல்லின் மேல் கொழுப்புக் கலந்த மைக்கோலால் படம் வரைவார்கள். கல்லை நனைத்தால் வெற்றிடம் நீரை ஏற்கும். கொழுப்புக்கோடு நீரை விலக்கும். பிறகு அச்சு மையைத் தடவினால் அது கோடுகளில் மட்டும் ஒட்டும். தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும்.

இப்படிப் பதிவது கருப்பு வெள்ளைப் படம்தான். வண்ணம் முழுவதும் கையால் தீட்டப்பட்டது. மாதிரிப் படம் ஒன்றை முன்னே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிரதியிலும் ஒவ்வொரு தாளாக நீர்வண்ணம் பூச வேண்டும். ஒரு பிரதிக்கு ஐம்பது தாள்கள் என்றால் நூறு பிரதிகளுக்கு ஐயாயிரம் தாள்கள். இறகின் நிறம் ஒரு பிரதியில் பழுப்பாகவும் மற்றொன்றில் செம்பழுப்பாகவும் மாறிவிட்டால் அறிவியல் பயன் கெட்டுவிடும். ஆகவே வண்ணம் தீட்டுபவருக்கு ஓவியத் திறமையோடு சலிக்காத ஒழுங்கும் வேண்டும்.

அக்காலத்தின் புகழ்பெற்ற பறவைப் படநூல்களோடு இதை ஒப்பிடலாம். அமெரிக்கப் பறவைகளைப் பற்றிய ஆடுபானின் நூல் 1827 முதல் 1838 வரை 435 பெரும் படங்களோடு பிரிட்டனில் அச்சானது. இமயமலைப் பறவைகளைப் பற்றிய ஜான் கூல்டின் நூலும் லண்டனில்தான் உருவானது. பறவை ஓரிடத்தில், ஓவியரும் அச்சகமும் வேறோரிடத்தில் என்பதே பொதுவழக்கு. ஜெர்டன் தம் நூலைப் பறவைகள் வாழும் நாட்டிலேயே தொடங்கினார். முதலில் வந்த படங்கள் சென்னையில் கல்லச்சாயின. பிற்பகுதிப் படங்கள் சில லண்டனிலும் தயாராயின. ஹியூ எட்வின் ஸ்ட்ரிக்லண்ட் போன்ற ஐரோப்பியப் பறவையியலாளர்கள் இந்தியக் கலைஞர்களின் இந்தப் படங்களைப் பாராட்டினர்.

நூலை அச்சிட்டது சென்னையில் இருந்த அமெரிக்க மிஷன் அச்சகம்; அச்சாளர் பி. ஆர். ஹண்ட். இந்தப் பெயர் தமிழ் மாணவர்களுக்கு வேறொரு வகையில் முக்கியமானது. 1862இல் வெளிவந்த வின்ஸ்லோவின் தமிழ் – ஆங்கில அகராதியும் இதே ஹண்டின் அச்சகத்தில்தான் அச்சானது. தமிழ்ச் சொற்களைத் தொகுத்த பேரகராதியும் தென்னிந்தியப் பறவைகளைத் தொகுத்த படநூலும் ஒரே அச்சகத்திலிருந்து வந்தவை.

முகப்பில் இல்லாத பெயர்கள்

இந்நூலின் கல்லச்சு, வண்ண வேலைகளோடு இணைத்து இரண்டு பெயர்கள் கூறப்படுகின்றன. அக்கால ஆங்கில எழுத்துக்கூட்டலில் ‘கிஸ்ட்னராஜூ’ என்றும் ‘மூரகேசன் மூடலியார்’ என்றும் அவை பதிவாகியுள்ளன. கிருஷ்ணராஜு, முருகேச முதலியார் என்று நாம் அவற்றைத் திருத்திப் படிக்கலாம். ஜெர்டனின் பிறந்த நாள், பணி மாற்றங்கள், கடைசி நாள் வரை எல்லாம் நமக்குத் தெரியும். இவர்களைப் பற்றிக் கையில் நிற்பவை சிதைந்த எழுத்துக்கூட்டலில் வந்த பெயர்களும் அவர்கள் கைபட்ட படங்களும்தான்.

இது ஒரு நூலுக்கு மட்டும் உரிய நிலையன்று. கம்பெனிக் காலத்தில் இந்திய ஓவியர்கள் வரைந்த ஆயிரக்கணக்கான செடி, விலங்குப் படங்கள் ஐரோப்பிய நூலகங்களில் உள்ளன. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியும் இயற்கை வரலாற்று ஓவியங்களை வரையச் செய்தார். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஓவியர் பெயர் கிடையாது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு ஒன்றும் அதே சென்னை மாகாணத்தில் உண்டு. தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்கு ரங்கையா, கோவிந்து என்ற இரு ஓவியர்கள் செடிகளை வரைந்து கொடுத்தனர். வைட் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரைச் சேர்த்து ‘கோவிந்தூயா’ என்று பெயரிட்டார். அதே வைட், மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் சிறு செடி ஒன்றின் பேரினத்துக்கு ஜெர்டனின் நினைவாக ‘ஜெர்டோனியா’ என்றும் பெயரிட்டார். ஓவியரையும் அறிஞரையும் ஒரே வகையில் சிறப்பிக்க அக்காலத்திலும் ஒருவரால் முடிந்தது என்பதை இது காட்டுகிறது. பின்னாளில் கோவிந்தூயா வேறொரு பேரினத்துக்குள் அடங்கிவிட்டது. ஜெர்டோனியா இன்றும் வழக்கில் உள்ளது.

மக்கள் வழங்கிய பெயர்கள்

நெல்லூரில் இருந்தபோது யானாதிப் பழங்குடியினரிடமிருந்து அப்பகுதி உயிரினங்களைப் பற்றி ஜெர்டன் நிறையத் தெரிந்துகொண்டார். வேட்டையாடியும் காட்டுப்பொருள் சேகரித்தும் வாழ்ந்த அவர்களுக்கு எந்தப் பறவை எந்தப் புதரில் கூடு கட்டும் என்பது அன்றாட அறிவு. பின்னாளில் எழுதிய ‘இந்தியப் பறவைகள்’ நூலில், அறிவியல் பெயரோடு இந்தி, தெலுங்கு, தமிழ் முதலிய மொழிகளில் வழங்கிய பெயர்களையும் ஜெர்டன் சேர்த்துக் கொடுத்தார்.

அவற்றுள் ஒன்று வரகுக்கோழி. கானமயிலின் இனத்தைச் சேர்ந்த, அதைவிடச் சிறிய புல்வெளிப் பறவை இது. வரகு விளையும் புன்செய் நிலங்களில் தென்பட்டதால் தமிழில் இப்பெயர் பெற்றது. தெலுங்கில் ‘நேல நெமலி’, அதாவது நிலமயில் என்றனர். ஜெர்டனின் படநூலிலும் இப்பறவை இடம்பெற்றது.

1845இல் இப்படநூலின் வழியாக அறிவியலுக்கு அறிமுகமான பறவை ஒன்றும் உண்டு. நெல்லூருக்கு மேற்கே உள்ள கிழக்குத் தொடர்ச்சி மலையில் கிடைத்த பக்கி இனம் அது. அந்தியில் வண்டிப்பாதையில் அமர்ந்து பூச்சி பிடிக்கும் இப்பறவையை இன்று ஜெர்டன் பக்கி என்று அழைக்கிறார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பார்த்தால்

தேனி மாவட்டத்தின் தென்மேற்கு ஓரத்தில், குமுளி மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் லோயர் கேம்ப் இருக்கிறது. பெரியாறு அணையிலிருந்து வரும் நீர் இங்குள்ள மின்நிலையத்தைக் கடந்து பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. ஜெர்டனின் படநூல் வெளிவந்த காலத்தில் இவை எதுவும் இல்லை. பெரியாற்று நீர் கிழக்கே திரும்பியது 1895இல்தான்.

இப்பகுதி வாசகர்கள் ஜெர்டனைப் படிக்கும்போது ஓர் ஊர்ப்பெயரில் கவனம் வேண்டும். அகன்ற வாலுடைய புல்வெளிச் சிறுகுருவி ஒன்றை அவர் விவரித்தபோது, அது கிடைத்த இடம் ‘கூடலூர்’ என்று குறித்தார். அது லோயர் கேம்புக்குப் பக்கத்திலுள்ள நம் கூடலூர் அன்று. நீலகிரி அடிவாரத்துக் கூடலூர்.

இந்த வேறுபாட்டுக்கு அறிவியல் காரணமும் உண்டு. நீலகிரிக்கும் நம் மலைகளுக்கும் இடையே பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. குளிர்ந்த சோலைக்காட்டை விட்டு இறங்காத பறவைகளால் அந்தச் சூடான தாழ்நிலத்தைக் கடக்க முடிவதில்லை. எனவே இருபுறமும் அவை தனித்தனி இனங்களாகப் பிரிந்தன. ஜெர்டன் பெயரிட்ட நீலகிரிச் சிரிப்பான் கணவாய்க்குத் தெற்கே இல்லை. பழனி மலைச் சிரிப்பானுக்கு 1869இல் பிளான்ஃபோர்டு பெயரிட்டார். கோடைக்கானலில் பறவைகளைச் சேகரித்த ஃபேர்பேங்க் என்ற அமெரிக்கப் பாதிரியாரின் பெயரை அதற்குச் சூட்டினார். சோலைக்கிளி என்று இன்று அழைக்கப்படும் நீலநிறச் சிறுபறவையிலும் இதே கதைதான்: நீலகிரி இனம் ஜெர்டன் பெயரிட்டது, தெற்கே உள்ள வெள்ளை வயிற்று இனம் பிளான்ஃபோர்டு பெயரிட்டது. ஜெர்டன் தொடங்கிய பட்டியலில் நம் மலைகளுக்கு உரிய பக்கம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர்தான் நிரம்பத் தொடங்கியது.

ஆயினும் ஜெர்டனின் பெயர் இம்மலைகளிலும் உண்டு. மேகமலை உள்ளிட்ட மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இரவில் பழம் தேடி மரமேறும் பழுப்பு மரநாய்க்குப் ‘பாரடாக்சுரஸ் ஜெர்டோனி’ என்பது அறிவியல் பெயர். கோடைக்கானலில் கிடைத்த மாதிரியைக் கொண்டு 1885இல் பிளான்ஃபோர்டு இட்ட பெயர் அது.

மாதிரி ஒன்றைக் கெடாமல் காப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கும் மேகமலையே சான்று. 1948இல் அங்குத் தேயிலைத் தோட்டத்தில் பணிபுரிந்த ஆங்கஸ் ஹட்டன் பழந்தின்னி வௌவால் ஒன்றைப் பிடித்துப் பதப்படுத்தினார். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தில் அது வேறொரு இனத்தின் பெயரோடு கிடந்தது. 1972இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா அதை ஆராய்ந்து, உலகில் அதுவரை அறியப்படாத பேரினம் என்று கண்டு, சாலிம் அலியின் பெயரை அதற்கு இட்டார். ஜெர்டன் அனுப்பிய தோல்களைப் போல் அதையும் பூச்சி அரித்திருந்தால் இந்த இனம் மேலும் பல ஆண்டுகள் அறியப்படாமலே இருந்திருக்கும்.

படநூலுக்குப் பின்

படநூலுக்குப் பிறகு ஜெர்டன் பறவைகளோடு நிற்கவில்லை. தென்னிந்திய நன்னீர் மீன்கள், ஊர்வன, எறும்புகள் ஆகியவற்றையும் ஆராய்ந்து எழுதினார். இரை மீது பாய்ந்து பிடிக்கும் இந்தியக் குதிக்கும் எறும்பை 1851இல் விவரித்தவரும் அவரே. கானிங் பிரபு தலைமை ஆளுநராக இருந்த காலத்தில் விலங்கியல் நூல்களை எழுதுவதற்கென்றே தனிப்பணியில் அமர்த்தப்பட்டார். 1862 முதல் 1864 வரை ‘இந்தியப் பறவைகள்’, 1867இல் ‘இந்தியப் பாலூட்டிகள்’ ஆகிய நூல்கள் வெளிவந்தன. இவை படநூல்கள் அல்ல. காட்டுக்குக் கையில் எடுத்துச் செல்லத் தக்க விளக்க நூல்கள். ஊர்வனவற்றைப் பற்றிய பெருநூல் முடியும்முன், 1872ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் லண்டனுக்கு அருகில் அவர் காலமானார்.

அவர் கண்டெடுத்த பறவைகளுள் ஒன்று இரவில் நடமாடும் அரிய ஓடுபறவை. 1848இல் எட்வர்ட் பிளைத் அதற்கு அறிவியல் பெயர் இட்டார். ஜெர்டனின் பெயராலேயே அது வழங்குகிறது. 1900க்குப் பிறகு யார் கண்ணிலும் படாததால் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டது. 1986இல் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பரத் பூஷண், ஆந்திராவின் கடப்பைப் பகுதியில் அதை மீண்டும் கண்டார். அப்போதும் உதவியவர்கள் அந்தப் பறவையைத் தங்கள் மொழிப் பெயரால் அறிந்திருந்த உள்ளூர் மக்கள்தான்.

முடிவுரை

ஜெர்டனின் படநூலை இன்று இணையத்தில் எண்ணிம வடிவில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பார்க்கும் மாணவர்கள் மூன்று செய்திகளைத் தேடிப் பார்ப்பது நல்லது: அந்தப் பறவை எந்த இடத்தில் கிடைத்தது, அதை மக்கள் என்ன பெயரால் அழைத்தனர், இன்று அது அங்கே இருக்கிறதா என்பவை அவை.

வரகுக்கோழியைப் பொறுத்தவரை மூன்றாவது கேள்விக்கான விடை வருத்தமானது. ஜெர்டன் காலத்தில் தென்னாட்டுக்கும் வந்துபோன அப்பறவை இன்று பெரும்பாலும் ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசப் புல்வெளிகளில் சிறு எண்ணிக்கையில் இனப்பெருக்கம் செய்கிறது. உலக அளவில் மிக அருகிவிட்ட இனமாக 2021இல் அறிவிக்கப்பட்டது. புல்வெளிகளும் புன்செய்களும் குறைந்ததே இதற்கு முக்கியக் காரணம். தமிழ்நாட்டில் வரகும் அதன் பெயரால் வழங்கிய கோழியும் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைந்தன.

இப்படியொரு பறவை இங்கு இருந்தது என்பதற்கு நம்மிடம் இரண்டு சான்றுகள் உள்ளன. ஒன்று, உழவர்கள் இட்ட தமிழ்ப்பெயர். மற்றொன்று, இந்தியக் கலைஞர்களின் கைவண்ணத்தில் உருவான அந்தப் படநூல். இரண்டையும் பதிவு செய்தவர் என்ற வகையில் ஜெர்டனை நினைவுகூரும்போது, வண்ணக் கிண்ணத்தோடு அமர்ந்து ஒவ்வொரு தாளாக இறகின் நிறம் பார்த்துத் தீட்டியவர்களையும் சேர்த்து நினைவுகூர்வதே முறையாகும்.